மச்சில் மரநாய், பெட்டியில் பாதி ஸ்வெட்டர்

"வீட்டுக்குள் எதிர்பாராமல் காட்டு விலங்கு புகுந்துவிட்டால் உடனே விரட்ட வேண்டுமா, தானாகப் போகும்வரை விடலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் எந்த ஊர், வந்தது என்ன விலங்கு என்று எழுதவில்லை. ராத்திரி மச்சில் ஏதோ நடமாடும் சத்தம் கேட்டிருக்கும், டார்ச் அடித்துப் பார்த்திருப்பீர்கள், அதற்குள் அக்கம்பக்கத்தில் ஆளுக்கொரு யோசனை சொல்லியிருப்பார்கள். மிளகாய்ப் புகை போடு, மண்ணெண்ணெய் தெளி, வெடி வை. எனக்கும் இதையெல்லாம் சொன்னார்கள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிறுத்தை, கரடி என்றால் இந்தப் பதிலைப் படித்துக்கொண்டு இருக்காதீர்கள். எல்லோரும் வெளியே வந்து, வெளியிலிருந்து கதவைச் சாத்திவிட்டு, வனத்துறைக்குப் போன் செய்யுங்கள். நான் இருப்பது குன்னூரில். இங்கே காட்டெருமை தெருவில் நிற்பதும், கரடி எண்ணெய்க்காகக் கதவை உடைப்பதும் நாங்கள் பார்த்ததுதான். எந்த விலங்கையும் கொஞ்சலாம் என்று சொல்ல வரவில்லை. என் வீட்டுக்கு வந்தது மரநாய். எனக்குத் தெரிந்ததும் அது ஒன்றுதான்.

2022 அக்டோபர். எங்கள் வீடு பழைய ஓட்டு வீடு. ஓட்டுக்குக் கீழே பலகை போட்டு ஒரு மச்சு உண்டு. உல்லன் பெட்டியை அங்கேதான் வைத்திருந்தேன். கீழ் அறைச் சுவர் மழைக்காலத்தில் ஓதம் காக்கும், நூலில் பூஞ்சை பிடித்துவிடும். பெட்டியில் மூன்று வேலை பாதியில் நின்றிருந்தது. மாப்பிள்ளைக்கு நீல நிறத்தில், முறுக்குக் கயிறு மாதிரி தெரியும் கேபிள் பின்னல் வைத்த ஸ்வெட்டர், முதுகுப் பக்கம் 14 அங்குலம் ஏறி ஊசியிலேயே இருந்தது. ஒரு சால்வை. அப்புறம் பிறக்கப்போகும் பேரக்குழந்தைக்கு என்று வாங்கின க்ரீம் நிற பேபி உல்லன் ஆறு உருண்டை, அதில் ஒரு தொப்பி பாதி. மகளுக்கு ஜனவரியில் நாள் குறித்திருந்தார்கள். தலைப்பிரசவம், எங்கள் வீட்டில்தான்.

நீல ஸ்வெட்டரை எடுக்க ஏணியில் ஏறினேன். முதலில் பட்டது வாசனை. ரம்பை இலை போட்டுச் சோறு வடித்தால் ஒரு மணம் வருமே, அதேதான். மேலே யார் சோறு வடிக்கிறார்கள் என்று ஒரு கணம் நின்றுவிட்டேன். அப்புறம் டார்ச் வெளிச்சத்தில் இரண்டு கண். அது சீறவில்லை, ஓடவும் இல்லை. பெட்டிக்குள் உடம்பைச் சுருட்டிப் படுத்தபடி என்னையே பார்த்தது. அதன் வயிற்றோரம் ஏதோ நெளிந்தது. மூன்று குட்டி. என் க்ரீம் நூலின் மேல் கிடந்தன.

டார்ச்சை அணைத்துவிட்டு இறங்கினேன். கை நடுங்கியது.

அந்த மணம் எனக்குப் புதிதில்லை. அம்மா சொல்லக் கேட்டதுதான். அம்மா பிறந்து வளர்ந்தது இலங்கையில், நுவரெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில். அங்கே மரநாயைக் 'கலவெத்தா' என்று சிங்களப் பெயரிலேயே சொல்வாராம். ராத்திரி ரம்பை வாசம் அடித்தால் கூரையில் கலவெத்தா நடக்கிறது என்று அர்த்தம், பிள்ளைகள் சத்தம் போடக்கூடாது. 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட லட்சக்கணக்கானவர்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. தலைமன்னாரிலிருந்து ராமேசுவரத்துக்குக் கப்பல், மண்டபம் முகாம், அங்கிருந்து நீலகிரி. எங்களைப் போல வந்தவர்களுக்காக அரசு தொடங்கிய டேன்டீ தோட்டத்தில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வேலை கிடைத்தது. எனக்கு அப்போது நான்கு வயது. அந்த வெயிலில், மண்டபத்தில், அம்மா ஒரு பழுப்பு நிறக் கார்டிகனைக் கழற்றாமல் போட்டிருந்ததுதான் எனக்கு ஞாபகம். பெட்டியில் வைத்தால் தொலைந்துவிடும் என்ற பயம். தோட்டத்துத் துரை வீட்டில் பிள்ளை பார்க்கப் போன இடத்தில் பின்னல் கற்றுக்கொண்டு, தன் கையால் முதன்முதலாகப் பின்னிய கார்டிகன் அது.

சரி, மரநாய்க்கு வருகிறேன்.

மறுநாள் காலையில் வனத்துறைக்குச் சொன்னேன். ஒரு வாட்சர் வந்து ஏணியில் பாதி ஏறி எட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார். "அம்மா, குட்டி கண்ணே தெறக்கல. இப்ப கையை வச்சா தாய் விட்டுட்டுப் போனாலும் போயிடும். கொஞ்ச நாள் விடுங்க, வளர்ந்ததும் கூட்டிட்டுப் போயிடும்" என்றார். பழங்களைக் கூடையில் திறந்து வைக்க வேண்டாம், சோறு வைத்துப் பழக்க வேண்டாம், மச்சுக்குப் போகும் கதவைச் சாத்தி வையுங்கள். அவ்வளவுதான் சொன்னார். பெயரில்தான் நாய் இருக்கிறது. அது நாய் இனமும் இல்லை, பூனை இனமும் இல்லை, புனுகுப்பூனைக் குடும்பம். பழம்தான் முக்கியத் தீனி. காப்பிப் பழத்தைத் தின்று கொட்டையை எச்சத்தோடு போடும். காட்டில் எத்தனையோ மரம் முளைப்பது அப்படித்தான். ஒரு ஈற்றுக்கு இரண்டிலிருந்து ஐந்து குட்டி வரை போடும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருவதால், நாமே பிடிப்பதும் அடிப்பதும் குற்றம்.

இதைப் படித்துவிட்டு, காட்டு விலங்கை வீட்டில் வைத்து வளர்த்தாய் என்று யாரும் எழுத வேண்டாம். ஒரு வாழைப்பழம் கூட வைக்கவில்லை. ஒரு முறை கூடத் தொடவில்லை. மச்சுக் கதவின் இடுக்கில் துணி திணித்து அடைத்திருந்தேன். கடித்தால் வெறிநோய்க்கு ஊசி போட வேண்டும் என்பதும் தெரியும். கர்ப்பிணிப் பெண் இருக்கிற வீட்டில் இப்படிச் செய்யலாமா என்று சம்பந்தி வீட்டிலும் கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் தப்பே இல்லை. வளைகாப்பு முடிந்து மகளைக் கூட்டி வந்த அன்று, அவள் படுக்கும் அறையை மச்சுக்கு நேர் கீழே இல்லாமல் முன்பக்கத்துக்கு மாற்றினேன். மகளிடம் எதையும் மறைக்கவில்லை. அவள் கொஞ்ச நேரம் மேலே பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "இருக்கட்டும்மா, மழையில எங்க தூக்கிட்டுப் போகும்" என்றாள்.

ரொம்பக் கவலைப்பட்டது தீபாவளிக்கு. அந்த வருடம் அக்டோபர் 24. எங்கள் சந்தில் பிள்ளைகள் அதிகம். வீடு வீடாகப் போய், எங்கள் வீட்டுப் பக்கம் அணுகுண்டு மட்டும் வேண்டாம், மத்தாப்பு, புஸ்வாணம் எல்லாம் கொளுத்துங்கள் என்று கேட்டேன். பெரும்பாலானோர் சரி என்றார்கள். ஒரு பையன் மட்டும் எனக்குத் தெரியாமல் சன்னல் வழியாகப் படம் எடுத்து, 'குன்னூரில் வீட்டுக்குள் புலிக்குட்டிகள்' என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டான். இரண்டு நாள் வாசலில் கூட்டம். ஒருத்தர் கம்போடு வந்திருந்தார். வாட்சரே வந்து சொன்ன பிறகுதான் கலைந்தார்கள். உங்கள் வீட்டில் ஏதாவது வந்தால் முதலில் செய்ய வேண்டியது, யாரையும் படம் எடுக்க விடாமல் இருப்பது. இதை மிகவும் வலியுறுத்திச் சொல்கிறேன்.

இனி என் பின்னல். ஜனவரிக்குள் குழந்தைக்கு ஸ்வெட்டர், தொப்பி, காலுறை வேண்டும். நூல் குட்டிகளுக்குக் கீழே இருக்கிறது. "உல்லன்தானே, வேற வாங்கிக்க, இல்லன்னா ரெடிமேடே வாங்கிடேன்" என்று சொந்தக்காரர் ஒருவர் சொன்னார். இந்தப் பேச்சு எனக்கு எப்போதும் வலிக்கும். கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், இருந்தாலும் எழுதிவிடுகிறேன். பெரியவர்களுக்கு ஒரு ஸ்வெட்டர் பின்ன நூல் மட்டும் 400, 500 கிராம் வேண்டும். என் வேகத்துக்கு அறுபது மணி நேரம் ஆகும். ஊட்டிக்கு வந்து போகிறவர்கள் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "டிபெத்தியன் மார்க்கெட்டில் 400 ரூபாய்க்குக் கிடைக்குதே" என்பார்கள். அங்கே விற்பதில் பெரும்பகுதி லூதியானாவிலிருந்து வரும் மெஷின் பின்னல். அதை விற்கிறவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை, அவர்களும் ஊரை விட்டு வந்து பிழைப்பவர்கள்தான். கையால் பின்னியது என்று சொன்ன பிறகும் மெஷின் விலைக்குக் கேட்பதுதான் மனசை அறுக்கிறது. தச்சரிடம் போய் மரத்தின் விலை மட்டும் தருகிறேன் என்று கேட்பீர்களா? வீட்டில் உட்கார்ந்து பெண்கள் செய்வது என்றால் மட்டும் அது பொழுதுபோக்கு, கூலி கிடையாது. என் பள்ளிக்கூடச் செலவில் பாதி அம்மா பின்னின குல்லாக்களில் வந்தது. அது பொழுதுபோக்கு இல்லை.

புது நூல் வாங்க எனக்கு மனம் வரவில்லை. பிறக்கும் குழந்தைக்குப் பழைய துணிதான் முதலில் போட வேண்டும் என்ற எண்ணம் இருந்தது, எங்கள் பக்கம் அது வழக்கமும்கூட. பீரோவைத் திறந்து அம்மாவின் பழுப்புக் கார்டிகனை எடுத்தேன். அம்மா போய்ப் பதிமூன்று வருடம் ஆகியிருந்தது. நாப்தலின் உருண்டை மாற்றுவதற்கு மட்டும்தான் அதைத் தொடுவேன்.

பிரிப்பது எப்படி என்று யாராவது கேட்பீர்கள். முதலில் பக்கவாட்டில் இணைத்திருக்கும் தையல் நூலை மட்டும் பார்த்து வெட்ட வேண்டும், பின்னலில் கத்தரி படக்கூடாது. அப்புறம் கண்ணி அடைத்து முடித்த விளிம்பைக் கண்டுபிடித்து அங்கிருந்து இழுக்க வேண்டும். கண்ணி போட்டுத் தொடங்கிய பக்கத்திலிருந்து இழுத்தால் சிக்கிக்கொள்ளும். இழுத்த நூலை நாற்காலி முதுகில் சுற்றி, நான்கு இடத்தில் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, அடியில் ஒரு கனம் கட்டித் தொங்கவிட்டால் சுருள் நிமிர்ந்துவிடும். சுடுதண்ணீர் ஆகாது, கம்பளி நூல் திரைந்து கட்டியாகிவிடும். அக்குள் பக்கம் ஏற்கெனவே அப்படித் திரைந்திருந்தது, அதைப் பிரிக்க முடியவில்லை. மீதி, குழந்தை ஸ்வெட்டருக்கும் தொப்பிக்கும் தாராளமாகப் போதும்.

இரண்டாவது வரிசையைப் பிரித்தபோது ஒரு இடத்தில் அம்மா கண்ணி ஒன்றை விட்டுவிட்டு, நாலைந்து வரிசை கழித்துக் குரோஷா ஊசியால் ஏற்றிச் சரி செய்திருந்தது தெரிந்தது. ஐம்பது வருடம் அது யார் கண்ணிலும் பட்டதில்லை. அங்கே நிறுத்திவிட்டு எழுந்து போய், அடுத்த நாள்தான் மறுபடி உட்கார்ந்தேன்.

அதன் பிறகு வேலை ஒரு ஒழுங்குக்கு வந்தது. தாய் மரநாய் ராத்திரி ஏழரை மணிக்கு ஓட்டின் மேல் இறங்கிப் போகும் சத்தம் கேட்கும். நான் ஊசியை எடுப்பேன். 10-ம் நம்பர் ஊசி, பார்டருக்கு 12. பார்டரில் நேர்க்கண்ணி (நிட்) இரண்டு, மறுகண்ணி (பர்ல்) இரண்டு. மேலே குட்டிகள் கிறீச்சிடும், அப்புறம் தூங்கிவிடும். நவம்பர் நடுவில் முதுகும் முன்பக்கமும் முடிந்தது. குட்டிகள் பலகையில் ஓடத் தொடங்கியபோது நான் ஸ்வெட்டரின் கைகளைப் பின்னிக்கொண்டிருந்தேன். டிசம்பர் முதல் வாரம் ஒரு ராத்திரி அவ்வளவும் அடங்கிவிட்டது. மூன்று நாள் காத்திருந்து, வாட்சரை அழைத்து மேலே ஏறிப் பார்க்கச் சொன்னேன். பெட்டி காலி.

பெட்டியில் இருந்தவற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். சால்வை போய்விட்டது, எரித்துவிட்டேன். க்ரீம் நூலும் அப்படித்தான். குழந்தைக்கு என்று அதைக் காப்பாற்றி வைக்க நான் துணியமாட்டேன். நீல ஸ்வெட்டரில் ஒரு ஊசி கழன்று கண்ணிகள் அவிழ்ந்திருந்தன. ஆனால் அறுபதாவது வரிசையில் குறுக்கே ஒரு வெள்ளைத் தையல் நூல் கோத்து விட்டிருந்தேன். கேபிள் போடும்போது அம்மா சொல்லிக் கொடுத்த பழக்கம், எது அவிழ்ந்தாலும் அந்த நூலில் வந்து நின்றுவிடும். நின்றிருந்தது. கையுறை போட்டு, வினிகர் கலந்த தண்ணீரில் மூன்று தடவை அலசி, தொங்கவிடாமல் துண்டு விரித்து அதன்மேல் பரப்பிக் காயவைத்தேன். ரம்பை வாசம் மட்டும் கடைசி வரை கொஞ்சம் இருந்தது.

உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். மரநாய் மாதிரி சின்ன விலங்கு, அதுவும் குட்டியோடு என்றால், வனத்துறைக்குச் சொல்லுங்கள், கதவைச் சாத்துங்கள், விட்டுவிடுங்கள். அது போன பிறகு, உள்ளே எதுவும் இல்லை என்று உறுதியாகத் தெரிந்ததும் வழியை அடையுங்கள். நான் பொங்கலுக்கு முன்னால் ஓட்டு இடுக்கில் கம்பி வலை அடித்துவிட்டேன்.

பேத்தி ஜனவரியில் பிறந்தாள். வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று பழுப்பு ஸ்வெட்டர்தான் போட்டோம். இப்போது அது அவளுக்குப் பத்தாது, அதே பீரோவில் மடித்து வைத்திருக்கிறேன். மாப்பிள்ளையின் நீல ஸ்வெட்டரில் இடது கை மட்டும் பாக்கி.