உறையும் நேரம் கூடுதல், பிறகு ஏன் உறையாமலிருக்க ஊசி?

கேள்வி: வயது 29. 12, 14ஆம் வாரங்களில் இரண்டு முறை கரு கலைந்தது. 'ஆன்டி பாஸ்போலிப்பிட்' பிரச்சினை என்கிறார்கள். ரிப்போர்ட்டில் ரத்தம் உறையும் நேரம் கூடுதல். ஆனால், உறையாமலிருக்க ஊசி போட வேண்டுமாம். ஏன்? நெய், எண்ணெயை நிறுத்த வேண்டுமா?

பதில்: நெய்யை இதற்காக நிறுத்த வேண்டாம். சாப்பாட்டுக் கொழுப்பால் வந்ததல்ல இது. நம் ஒவ்வொரு செல்லின் மெல்லிய சவ்வும் பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பு வகையால் ஆனது. அதன் தலை தண்ணீரை நாடும், இரண்டு வால்களும் தண்ணீரைக் கண்டு ஒதுங்கும். அதனால் தலைகள் வெளியே, வால்கள் உள்ளே என இரண்டு வரிசையாகத் தாமே அடுக்கிக்கொள்ளும்.

இதில் பாஸ்பாடிடைல்செரின் என்ற வகையைச் செல் உள்வரிசையிலேயே பிடித்து வைத்திருக்கும். காயம் பட்டதும் தட்டணுக்கள் அதை வெளிப்பக்கம் திருப்பும். ரத்தத்தை உறையவைக்கும் புரதங்கள் கால்சியத்தின் துணையோடு அதன்மேல் வந்து அமரும். அந்த இடம் இல்லாவிட்டால் வேலை மந்தம்.

உங்கள் குழப்பம் இங்கேதான். ஆய்வகக் குழாயில் பாஸ்போலிப்பிட்டை நாங்கள்தான் சேர்க்கிறோம். பாஸ்போலிப்பிட்டுக்கு எதிராக உங்கள் உடம்பே தவறுதலாக உருவாக்கும் ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) அதை முந்திப் பிடித்துக்கொள்வதால் உறையும் நேரம் நீள்கிறது. உடம்புக்குள்ளோ அதே ஆன்டிபாடி, ரத்தக்குழாயின் உட்சுவரையும் தட்டணுக்களையும் தூண்டி ரத்தத்தை உறையவைக்கிறது. நச்சுக்கொடியின் செல்களையும் நேரடியாகத் தாக்குகிறது. அதற்காகத்தான் ஊசி.

ஒரே ரிப்போர்ட்டை வைத்து நோயை உறுதி செய்யக் கூடாது. கிருமித்தொற்று வந்துபோனாலும் சில நாள் பாசிட்டிவ் காட்டும். இந்த ஆன்டிபாடிகளைக் கண்டறியும் லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், ஆன்டிகார்டியோலிப்பின், பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன் ஆன்டிபாடி என்ற மூன்று பரிசோதனைகளையும் பாருங்கள். பாசிட்டிவ் ஆனதை 12 வாரம் கழித்து மறுபடி செய்யுங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின், வார்ஃபரின் எடுக்கும்போது லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் பரிசோதனை ஏமாற்றும். முடிந்தால் மருந்துக்கு முன்பே ரத்தம் கொடுங்கள். ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவை இரண்டு முறை சுழற்றிப் பிரிக்கிறார்களா என்றும் கேளுங்கள். மிஞ்சிய தட்டணுக்களின் சவ்வு ஆன்டிபாடியை உறிஞ்சிக்கொண்டால், நோய் இருந்தும் நார்மல் என்று வரும். சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கான வி.டி.ஆர்.எல். பரிசோதனையிலும் கார்டியோலிப்பின் என்ற பாஸ்போலிப்பிட்தான் பயன்படுகிறது. அதில் பாசிட்டிவ் வந்தால் பால்வினை நோய் என்று பயப்படாமல், சிபிலிஸை உறுதி செய்யும் டி.பி.எச்.ஏ. பரிசோதனை செய்து தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

நோய் உறுதியானால், வழக்கமாக அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே தினமும் ஆஸ்பிரின் 75 மி.கி. தொடங்குவோம். கர்ப்பம் தெரிந்ததும் ஹெப்பாரின் சேரும். பெரும்பாலும் எனாக்சாபாரின் 40 மி.கி., தினம் ஒருமுறை, வயிற்றுத் தோலுக்கு அடியில். எடையையும் சிறுநீரகத்தையும் பார்த்து உங்கள் மருத்துவர் அளவை மாற்றலாம். பிரசவத்துக்குப் பின்னும் பொதுவாக ஆறு வாரம் ஊசி தொடரும். குழந்தை பிறந்துவிட்டது என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.