வளைந்த கார் ஆன்டெனா: மாற்றுவதா, கழற்றி மாட்டுவதா?

திண்டுக்கல்லைச் சேர்ந்த வாசகி ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "ஐந்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய சிறிய கார் வைத்திருக்கிறேன். கூரையின் பின்பக்கம் திருகி மாட்டும் கம்பி ஆன்டெனா. போன மாதம் பிரஷ் சுழலும் தானியங்கி வாட்டர் வாஷில் காரை விட்டபோது கம்பி வளைந்துவிட்டது. கையாலேயே நிமிர்த்திவிட்டேன். பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தேனி பக்கம் போகும்போது கொடைக்கானலிலிருந்து வரும் கோடை பண்பலை விட்டுவிட்டுக் கேட்கிறது. திருச்சி வானொலியின் மத்திய அலை வெறும் இரைச்சலாக இருக்கிறது. பசைநாடாவால் ஒட்டும், சுறாத் துடுப்பு வடிவ ஷார்க் ஃபின் ஆன்டெனாவைப் போட்டுவிட்டால் இனி எந்த வாஷிலும் கவலை இல்லை என்று கார் ஆக்சஸரீஸ் கடையில் சொல்கிறார்கள். போடலாமா?"

போட வேண்டாம் என்பதே என் பதில். உங்கள் காருக்கு உரிய அதே வகைக் கம்பியைப் புதிதாக வாங்குங்கள். பெரும்பாலான சிறிய கார்களுக்குச் சில நூறு ரூபாயில் கிடைத்துவிடும். அடுத்த முறை பிரஷ் வாஷுக்குப் போகும்போது அதைக் கையால் கழற்றி காருக்குள் வைத்துவிடுங்கள். காருடன் வந்த கையேட்டைப் புரட்டினால், தானியங்கி வாஷுக்கு முன் ஆன்டெனாவைக் கழற்றச் சொல்லும் வரி பெரும்பாலும் அதிலேயே இருக்கும்.

நிமிர்த்திய கம்பி ஏன் வேலை செய்யவில்லை என்பதை முதலில் பார்ப்போம். கோடை பண்பலை ஒலிபரப்பாகும் 100.5 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் ஏறத்தாழ 3 மீட்டர். அதில் நான்கில் ஒரு பங்கு, அதாவது சுமார் 75 சென்டிமீட்டர் நீளமுள்ள கம்பிதான் அந்த அலையை இயல்பாக ஏற்கும். பழைய கார்களில் நீண்ட கம்பி நின்றதற்குக் காரணம் அதுதான். உங்கள் காரில் இருப்பது அதைவிடக் குட்டையானது. அதன் உள்ளே கண்ணாடி இழைத் தண்டு ஒன்று இருக்கும். அதன் மேல் மெல்லிய செம்புக் கம்பியைச் சுருள் சுருளாகச் சுற்றி, வெளியே ரப்பர் உறை போட்டிருப்பார்கள். நீளத்தைச் சுருட்டி வைத்த அமைப்பு அது. வாஷ் எந்திரத்தின் பிரஷ் கூரையின் மேல் உருண்டு வரும்போது அதன் இழைகள் கம்பியைச் சுற்றிக்கொள்கின்றன. எந்திரம் திரும்பி வரும்போது எதிர்த்திசையில் இழுக்கின்றன. அந்த இழுப்பில், சுருள் வந்து சேரும் அடிப்பகுதியில், பித்தளை மரைக்குச் சற்று மேலே, மெல்லிய கம்பி அறுந்துவிடும். ரப்பர் உறை பழைய நிலைக்குத் திரும்பிவிடுவதால் வெளியே எதுவும் தெரியாது.

மத்திய அலையின் நிலை இன்னும் மோசம். திருச்சி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸுக்கு அலைநீளம் சுமார் 320 மீட்டர். அந்த அலைக்கு முன்னால் எந்தக் கார் ஆன்டெனாவும் ஒரு துரும்புதான். கம்பி பிடித்துத் தரும் சொற்ப மின்னழுத்தத்தை, கூரையில் கம்பி திருகி நிற்கும் அடித்தளத்துக்குள் இருக்கும் சிறிய பெருக்கிதான் வளர்த்துக் கொடுக்கிறது. கம்பி அறுந்தால் அந்தச் சொற்பமும் வராது. உங்களுக்குப் பண்பலை விட்டுவிட்டாவது கேட்பதும், மத்திய அலை அடியோடு போய்விட்டதும் இதனால்தான்.

புதிய கம்பி வாங்குவதற்கு முன் பழுது கம்பியில்தானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். பத்து நிமிட வேலை. கட்டடங்கள் இல்லாத திறந்த இடத்தில் காரை நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு வானொலியை மட்டும் ஓடவிடுங்கள். மங்கலாகக் கேட்கும் ஒரு நிலையத்தை வைத்துக்கொண்டு கம்பியைக் கழற்றுங்கள். கழற்றிய பிறகும் ஒலியில் எந்த மாற்றமும் இல்லையென்றால் அந்தக் கம்பி அதுவரை எதையும் தரவில்லை என்று பொருள். அடுத்து, முக்கால் மீட்டர் நீளமுள்ள சாதாரண வீட்டு வயர் ஒன்றை எடுத்து, ஒரு முனையில் ஒரு அங்குலம் தோல் சீவி, அந்த முனையை அடித்தளத்தின் மரைத் துளைக்குள் உட்சுவரைத் தொடும்படி செருகுங்கள். மீதி வயரை ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலோடு சேர்த்துச் செங்குத்தாகப் பிடியுங்கள். நிலையம் பளிச்சென்று வந்துவிட்டால் அடித்தளம், கேபிள், ஸ்டீரியோ மூன்றும் நலமாக இருக்கின்றன. கம்பியை மட்டும் மாற்றினால் போதும்.

வயர் வைத்தும் முன்னேற்றம் இல்லையென்றால் பெருக்கிக்கு மின்சாரம் போகிறதா என்று பார்க்க வேண்டும். அண்மையில் ஸ்டீரியோவை மாற்றியிருந்தால் முதல் சந்தேகம் அங்கேதான் எழ வேண்டும். கடையில் வாங்கும் ஸ்டீரியோக்களின் பின்புறம் ஆன்டெனாவுக்கு 12 வோல்ட் கொடுப்பதற்கென்று நீல நிற வயர் ஒன்று வரும். பொருத்துபவர் அதை எங்கும் இணைக்காமல் டேப் சுற்றி விட்டுவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட வயர் வேறு. அது தனி ஆம்ப்ளிஃபையரை இயக்குவதற்கானது. சில கார்களில் இந்த மின்சாரம் ஆன்டெனா கேபிளின் வழியாகவே மேலே போக வேண்டும். அவற்றுக்கு அதற்குரிய இணைப்பியைத் தனியாக வாங்கிப் போட வேண்டியிருக்கும்.

புதிய கம்பி வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மரை அளவு பெரும்பாலும் 5 மில்லிமீட்டராகவோ 6 மில்லிமீட்டராகவோ இருக்கும். கண்ணால் பார்த்து இரண்டையும் வேறுபடுத்துவது கடினம். கடைக்காரர் தரும் கம்பியை உங்கள் கார் அடித்தளத்தில் இரண்டு மூன்று சுற்று விரலால் திருகிப் பாருங்கள். தொளதொளவென்று ஆடினாலோ, முதல் சுற்றிலேயே இறுகினாலோ அது வேண்டாம். வலுக்கட்டாயமாகத் திருகினால் அடித்தளத்தின் மரை அழிந்துவிடும். பிறகு முழு அடித்தளத்தையும் மாற்ற வேண்டிவரும், அந்தச் செலவு கம்பியின் விலையைப்போல் பல மடங்கு. நீளமும் பழையதற்கு ஏறத்தாழ ஒத்திருக்கட்டும். விரல் நீளத்தில் அழகாக வரும் குட்டைக் கம்பிகள் ஊருக்குள் பலமான நிலையங்களைக் கேட்பவர்களுக்குப் பரவாயில்லை. மலையடிவாரச் சாலைகளில் ஓட்டும் உங்களுக்கு அவை உதவாது.

இனி ஷார்க் ஃபின். கார் நிறுவனம் தொழிற்சாலையிலேயே பொருத்தி அனுப்பும் ஷார்க் ஃபினைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. அதன் உள்ளே சுருள் இருக்கிறது. அந்தச் சுருளுக்கென்றே அளந்து செய்த பெருக்கி இருக்கிறது. கூரைத் துளை வழியாக இறங்கும் கேபிள் இருக்கிறது. கடைகளில் ஒட்டித் தருவது இதுவல்ல. அவற்றில் ஒரு பகுதி உள்ளே எதுவுமே இல்லாத வெறும் பிளாஸ்டிக் ஓடு. மற்றவற்றில் ஒரு துண்டு வயரோ உலோகத் தகடோ இருக்கும். பழைய கம்பியைக் கழற்றிவிட்டு அந்தத் துண்டை அடித்தளத்தின் மரையோடு இணைத்து, மேலே மூடி ஒட்டிவிடுவார்கள். அடித்தளத்துக்குள் இருக்கும் பெருக்கி நீண்ட சுருளை எதிர்பார்த்து அமைக்கப்பட்டது. அதற்குக் கிடைப்பதோ கூரையின் உலோகத் தகட்டுக்கு மிக நெருக்கத்தில் படுத்துக் கிடக்கும் சிறு துண்டு. உலோகப் பரப்பை ஒட்டிப் படுத்திருக்கும் கம்பியால் அலையைச் சரிவர ஏற்க முடியாது. கம்பி ஆன்டெனாவைக் கூரையோடு மடக்கி வைத்தே ஓட்டுபவர்களுக்கு வானொலி மங்கலாகக் கேட்பதற்கும் இதே காரணம்தான்.

பசைநாடாவுக்கு வெயிலும் ஒரு சோதனை. சித்திரை, வைகாசி வெயிலில் நாளெல்லாம் நிற்கும் கூரையில் பசை இளகி ஓரம் தூக்கும். அந்த இடுக்கில் அழுத்த நீர்த் துப்பாக்கியின் வீச்சு பட்டால் மொத்தமும் பெயர்ந்துவிடும். மறுபடி வண்ணம் அடித்த கூரையாக இருந்தால் வண்ணமும் சேர்ந்து வரக்கூடும். அந்தத் தோற்றத்தில்தான் உங்கள் மனம் நிற்கிறது என்றால், உங்கள் காரின் உயர்ந்த வகையில் நிறுவனமே பொருத்தும் ஷார்க் ஃபினை அசல் உதிரிபாகமாக வாங்கி, இணைப்பியும் மின் இணைப்பும் பொருந்துகின்றனவா என்று சரிபார்த்து, பழைய துளையிலேயே புதிய ரப்பர் கேஸ்கெட்டோடு போடச் சொல்லுங்கள்.

கழற்றும் முறை எளிது. ஒரு கையால் அடித்தளத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் கம்பியை அதன் அடியில் பற்றி, மேலிருந்து பார்க்கும்போது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருக வேண்டும். நுனியைப் பிடித்துத் திருகினால் உள்ளே இருக்கும் சுருள் முறுக்கிக்கொள்ளும். ஐந்து ஆண்டுகளாகக் கழற்றாத கம்பி இறுகியிருக்கலாம். பித்தளையும் வேறு உலோகமும் ஈரத்தில் ஒன்றையொன்று அரித்துப் பிடித்துக்கொள்ளும், கடலோர ஊர்களில் இது இன்னும் விரைவாக நடக்கும். அப்படியானால் துரு இளக்கும் எண்ணெயை இரண்டு சொட்டு மட்டும் மரை ஓரத்தில் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு திருகுங்கள். குறடு வைத்து ரப்பர் உறையைக் கடிக்க வேண்டாம்.

திரும்ப மாட்டும்போது மரையில் சிலிகான் கிரீஸை மிக மெல்லியதாகத் தடவினால் அடுத்த முறை சுலபமாகக் கழலும். குழாய்க்குச் சுற்றும் டெஃப்லான் டேப்பை மட்டும் ஒருபோதும் சுற்றாதீர்கள். தண்ணீர் இறங்கக் கூடாதென்ற நல்ல எண்ணத்தில் மூன்று சுற்று டெஃப்லான் சுற்றிய கார் ஒன்று என்னிடம் வந்தது. உரிமையாளர் கம்பியை மாற்றி, ஸ்டீரியோவை மாற்றி, கடைசியில் கேபிளையும் மாற்றத் தயாராக இருந்தார். டேப்பை உரித்து எடுத்துவிட்டுத் திருகியதும் வானொலி பாடியது. அலை இறங்கும் வழியே அந்த மரைதான். அதைக் காப்பிட்டு மூடினால் கம்பி இருந்தும் இல்லாததுதான்.

கம்பியைக் கழற்றிய பிறகு வெறும் மரைத் துளையைத் திறந்து விட்டபடி வாஷுக்குள் போகக் கூடாது. அதே மரை அளவில் சிறிய ஸ்டெயின்லெஸ் போல்ட் ஒன்றை ரப்பர் வாஷரோடு வாங்கி டேஷ்போர்டு அறையில் வைத்துக்கொள்ளுங்கள். கம்பியைக் கழற்றியதும் அதை விரலால் திருகி மூடிவிடுங்கள். போல்ட்டின் மரை நீளம் கம்பியின் மரையைவிடக் கூடுதலாக இருந்தால் உள்ளே போய் இடிக்கும் என்பதால் குட்டையானதாகவே பாருங்கள். கழற்றிய கம்பியை ஓட்டுநர் இருக்கையின் மேலேயே வைத்தால் மறக்காமல் திரும்ப மாட்டுவீர்கள்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். பிரஷ் இழுத்த இழுப்பில் அடித்தளமும் அசைந்திருக்கலாம். அதற்கும் கூரைக்கும் இடையில் இருக்கும் ரப்பர் கேஸ்கெட் வெயிலில் காய்ந்து வெடித்திருந்தால், மழைநீரும் வாஷ் நீரும் துளை வழியாகக் கசிந்து உட்கூரைத் துணியின் மேல் நிற்கும். பின் இருக்கைக்கு மேலே காபி சிந்தியதுபோல் பழுப்பு வட்டம் தெரிகிறதா, கூரை விளக்கைச் சுற்றி ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உட்கூரையை இறக்கி, நட்டைக் கழற்றி, கேஸ்கெட்டை மாற்ற வேண்டும். கூரை ஓரங்களில் ஏர்பேக் உள்ள கார் என்றால் அந்த வேலையைப் பணிமனையிடமே விட்டுவிடுங்கள். புளிப்பு வாடை அடிக்கும் சிலிகான் பசையை அங்கே பூச அனுமதிக்காதீர்கள்; அது உலர்கையில் வெளிவிடும் அமிலம் தகட்டை அரிக்கும். துளையைச் சுற்றி உட்புறம் துருவும் வண்ணமும் இல்லாத வெற்று உலோகத்தில் பல் வைத்த வாஷர் கடித்து நிற்க வேண்டும் என்பதையும் சொல்லிவையுங்கள். ஆன்டெனாவுக்குக் கூரைத் தகடுதான் தரை இணைப்பு. கூரைக்கு வண்ணம் அடித்து வந்தபின் வானொலி மங்கிப்போனதாகச் சொல்பவர்களின் கார்களில் நான் முதலில் பார்ப்பது அந்த இடத்தைத்தான்.

கையால் நுரை போட்டுக் கழுவும் இடத்துக்குப் போனால் கம்பியைக் கழற்றத் தேவையில்லை. நீர்த் துப்பாக்கியை அடித்தளத்திலிருந்து ஓர் அடி தள்ளிப் பிடிக்கச் சொன்னால் போதும். காரை மூடும் உறையை இழுக்கும்போது கம்பி வளைவதும் உண்டு. அங்கே கவனம் தேவை. முன்கண்ணாடியின் பக்கத் தூணிலிருந்து இழுத்து நீட்டும் பழைய வகை ஆன்டெனாவை முழுவதும் உள்ளே தள்ளிவிட வேண்டும். மோட்டாரில் ஏறி இறங்கும் வகை என்றால் வாஷுக்கு முன் வானொலியை அணைத்து, அது இறங்கி முடியும்வரை காத்திருக்க வேண்டும். பின்கண்ணாடியில் கோடுகளாக அச்சிட்ட ஆன்டெனாவுக்கு வாஷால் ஆபத்தில்லை, கண்ணாடியின் உட்புறத்தைப் பிளேடால் சுரண்டாமல் இருந்தால் சரி.

புதிய கம்பி வந்ததும் மரைத் துளையை உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, விரலால் இறுகும்வரை திருகி, அதற்கு மேல் கால் சுற்று மட்டும் கொடுங்கள். சோதித்துப் பார்க்கக் கோடை பண்பலையை வைக்காதீர்கள். 2,000 மீட்டருக்கு மேல் உயரத்திலிருந்து வரும் அந்த அலை திண்டுக்கல்லில் அரைகுறை ஆன்டெனாவிலும் கேட்டுவிடும். குறை இருந்தாலும் காட்டாது. பகல் வேளையில், மின்கம்பிகள் இல்லாத இடத்தில் காரை நிறுத்தி, திருச்சியின் 936-ஐ வைத்துப் பாருங்கள்.