ஒரு கை, அதுவும் நடுக்கம்: போன்ல முதல்ல எதை மாத்தணும்?

பெரம்பூர்லேந்து ஒருத்தர் கேட்டிருக்கார்: "அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்ததுல வலது கை வரல, இடது கையும் நடுங்குது. சாம்சங் போன். ஒரு தடவை தொட்டா ரெண்டு தடவை பதியுது, கால் எடுக்கப் போனா கட் ஆகிடுது. பேசியே எல்லாத்தையும் பண்ற மாதிரி செட் பண்ணலாமா சார்?"

பேசறதுக்கு அப்புறம் வரேன், ஏன்னா நீங்க சொன்ன ரெண்டுமே தொடற பிரச்சனை. செட்டிங்ஸ்ல ஆக்சஸபிலிட்டி போங்க, உள்ள இன்டராக்‌ஷன் அண்ட் டெக்ஸ்டெரிட்டினு இருக்கும் (மாடலுக்கு மாடல் பேரு கொஞ்சம் மாறும்). அங்க டேப் டியூரேஷன்னு ஒண்ணு, விரல் எவ்ளோ நேரம் பட்டா அதை தொட்டதா எடுத்துக்கணும்னு நாம சொல்றது, நடுக்கத்துல சும்மா உரசறதெல்லாம் அதுல அடிபட்டுடும். இக்னோர் ரிப்பீட்டட் டச்சஸ் ஆன் பண்ணா அடுத்தடுத்து படறதுல முதல் தொடலை மட்டும்தான் எடுத்துக்கும், உங்கப்பாவோட ரெட்டைத் தொடலுக்கு இதுதான் மருந்து. டச் அண்ட் ஹோல்ட் டிலேவையும் கூட்டி வைங்க, இல்லைன்னா விரல் கொஞ்சம் தங்கினாலே ஐகான் கையோட வந்துடும். நேரத்தை கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க, ஒரேயடியா ஏத்தினா டைப் பண்றது நத்தை வேகம் ஆகிடும். முக்கியமா அப்பா விரலை வச்சு சோதிங்க, உங்க விரலை வச்சு இல்ல.

கால் எடுக்க, ஆன்சரிங் அண்ட் எண்டிங் கால்ஸ்ல வால்யூம் அப் பட்டனை அழுத்தினா எடுக்கற மாதிரியும் சைடு பட்டன்ல கட் பண்ற மாதிரியும் வைக்கலாம். சாதா காலுக்கு இது போதும், வாட்ஸ்அப் காலுக்கு இதை நம்பாதீங்க.

இப்போ வாய்ஸ். கூகுளோட வாய்ஸ் ஆக்சஸ் நல்ல ஆப்தான், திரையில நம்பர் காட்டும், நம்பரை சொன்னா அங்க தட்டும். ஆனா கட்டளையெல்லாம் இங்கிலீஷ்ல சொல்லணும், தமிழ் எடுபடாது. ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் பேச்சு குழறுச்சுன்னா அதுக்கும் புரியாது, அவருக்கும் எரிச்சல்தான் மிஞ்சும். மெசேஜுக்கு மட்டும் ஜிபோர்டுல (கூகுளோட கீபோர்டு) தமிழ் வாய்ஸ் டைப்பிங் வச்சுக் குடுங்க, அது போதும்.

இதுக்கும் சரிப்படலன்னா நான் சொல்ற வழி ப்ளூடூத் மவுஸ். சென்னை ரிச்சி தெருவுல மவுஸும் கட்டில்ல மாட்டற போன் ஸ்டாண்டும் சேர்த்தே வாங்கிடலாம். ஆட்டோ கிளிக் ஆன் பண்ணா அம்புக்குறியை ஒரு இடத்துல நிறுத்தினாலே தானா கிளிக் ஆகும், பட்டனை அழுத்தவே வேணாம். காசு செலவழிக்கறதுக்கு முன்னாடி வேற கருவிகளையும் தொட்டுப் பாக்கணும்னா மெரினா எதிர்ல காமராஜர் சாலையில மாற்றுத்திறனாளிகளுக்கான கருவிகளை வச்சிருக்கற மியூசியம் ஆஃப் பாசிபிலிட்டீஸ் இருக்கு, அப்பாவையே கூட்டிட்டுப் போங்க.

ஒரு எச்சரிக்கை. ஆக்சஸபிலிட்டி அனுமதி வாங்கின ஆப் திரையில இருக்கறதை படிக்கும், தானா தட்டவும் செய்யும், அதனாலதான் திருட்டு ஆப்பெல்லாம் முதல்ல அதைத்தான் கேக்குது. பேங்க்லேந்து பேசறோம்னு சொல்லி லிங்க் அனுப்பினா எதையும் இன்ஸ்டால் பண்ண விடாதீங்க, பணம் போச்சுன்னா உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அடிங்க.

அப்புறம், ரெண்டு வால்யூம் பட்டனும் சேர்ந்து அழுந்தினா சில போன்ல டாக்பேக் (பார்வை இல்லாதவங்களுக்காக திரையில இருக்கறதை படிச்சுச் சொல்ற வசதி) ஆன் ஆகி போன் படபடன்னு பேச ஆரம்பிச்சுடும், ஒரு தொடலுக்கு எதுவும் திறக்காது. பயப்படாம அதே ரெண்டு பட்டனை மூணு செகண்ட் அழுத்திப் பிடிங்க, அடங்கிடும். தேவையே இல்லைன்னா அந்த ஷார்ட்கட்டை ஆஃப் பண்ணி வச்சிடுங்க.