பின்கட்டில் கோல்ஃப் பட்டிங் புல்: மழைக்குப் பிறகு பள்ளம் விழுந்ததா?

நண்பரே, லாஸ்பேட்டை வீட்டுப் பின்கட்டில் பட்டிங் பழக, அதாவது கோல்ஃப் பந்தைத் தரையில் உருட்டிக் குழியில் தள்ளிப் பழக, 10க்கு 20 அடிக்கு 40 மி.மீ. உயரச் செயற்கைப் புல்லை நேரே மண்மேல் விரித்தேன், ஐப்பசி மழைக்குப் பிறகு நடுவில் தண்ணீர் நிற்கிறது, பந்தும் நேராக உருளவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

புல்லைச் சுருட்டி வையுங்கள். 4 அங்குலம் மண்ணை வெட்டியெடுத்து, மண்ணும் ஜல்லியும் கலக்காமல் தடுக்கும், தண்ணீர் வடியவிடும் ஜியோ துணியை விரித்து, 3 அங்குலம் சிறு ஜல்லி, அதன்மேல் 1 அங்குலம் கிரஷர் தூள் போட்டு, லேசாகத் தண்ணீர் தெளித்துத் திமிசுக்கட்டையால் நன்றாக இடியுங்கள். ஜல்லி மட்டும் 50 கன அடி, அதாவது அரை யூனிட் வரும், இடித்தால் அமுங்கும் என்பதால் கொஞ்சம் கூட்டியே வாங்குங்கள். தண்ணீர் சுவர்ப் பக்கம் போகாமல் வெளியே வடியும்படி 10 அடிக்கு ஒன்றேகால் அங்குலம் சரிவு வேண்டும், நம் ஊர் மழைக்கு இதில் கஞ்சத்தனம் கூடவே கூடாது!

அப்புறம், 40 மி.மீ. புல் தோட்டத்துக்கானது. பந்து உருள 10 முதல் 15 மி.மீ. நெருக்கமான புல்தான் சரி. புல் இழைகளுக்கு இடையில் தூவ சிலிக்கா மணல் வாங்குங்கள், கடற்கரை மணல் வேண்டாம், உப்பு. குழியின் விட்டம் நாலேகால் அங்குலம். குழிக்குள் வைக்கும் கிண்ணத்தைத் தூள் இடிக்கும் முன்பே பதித்துவிடுங்கள்.