ஒரு போத்தல் மண்ணெண்ணெய்

அன்புள்ள ஐயா,

நான் கோவையில் இயந்திரப் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். கல்லூரிக் கருத்தரங்கில் பெட்ரோலுக்குப் பிந்தைய எரிபொருள்கள் பற்றிப் பேச இருக்கிறேன். உலகில் எஞ்சியிருக்கும் எண்ணெய் இன்னும் ஐம்பது ஆண்டுகளுக்குத்தான் வரும் என்று படித்தபோது, எங்கள் தலைமுறை துரதிர்ஷ்டம் பிடித்தது என்றே தோன்றியது. ஆனால் நம்மிடம் நிலம் இருக்கிறது, வெயில் இருக்கிறது, உழவர்கள் இருக்கிறார்கள். எரிபொருளை நாமே விளைவித்துக்கொள்ள முடியாதா? எத்தனால், காட்டாமணக்கு, ஹைட்ரஜன் ஆகியவற்றில் எது வெல்லும்? 1996-இல் வந்த மூலிகைப் பெட்ரோலை எண்ணெய் நிறுவனங்கள் அமுக்கிவிட்டன என்று என் மாமா அடித்துச் சொல்கிறார். அது உண்மையா? கடைசியாக ஒரு சொந்தக் கேள்வி. அப்பா எனக்கு ஸ்கூட்டர் வாங்கித் தரப் போகிறார். பெட்ரோலில் ஓடுவதை வாங்குவதா, மின்சாரத்தில் ஓடுவதையா? யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டினார்கள் என்று நீங்கள் ஒரு கூட்டத்தில் சொல்லக் கேட்டேன். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

எஸ்.,
கோயம்புத்தூர்

அன்புள்ள எஸ்.,

சென்ற மாதம் யாழ்ப்பாணத்தில், கோண்டாவிலில் எங்கள் பழைய வீட்டின் பரணைத் துப்புரவாக்கியபோது ஒரு ஜாம் போத்தல் விளக்குக் கிடைத்தது. தகரமூடியில் ஓட்டை போட்டுத் திரி செருகிய சாதாரணப் போத்தல்தான். உள்ளே அடைத்த பஞ்சு கறுத்து இறுகிப் போயிருந்தது. அதைக் கழுவாமல் என் மேசையில் வைத்திருக்கிறேன். உங்கள் கடிதம் வந்தபோதும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் இந்தப் பதில் இவ்வளவு நீள்கிறது.

முதலில் மாமாவின் கேள்வியை முடித்துவிடுவோம். மூலிகைப் பெற்றோலை யாரும் அமுக்கவில்லை. பரிசோதித்தார்கள், உள்ளே இருந்தது மூலிகையன்று என்று தெரிந்தது. பெற்றோலியக் கரைப்பான்கள் ஓட்டும் எஞ்சினுக்கு இலைதழையின் பெயரைச் சூட்டுவது இலகு. பொறியியல் இறுதியாண்டு படிக்கும் ஒருவர் இதை என்னிடம் கேட்க வேண்டியிருப்பதுதான் எனக்கு வருத்தம். உங்கள் தலைமுறையின் துரதிர்ஷ்டம் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அப்பா ஸ்கூட்டர் வாங்கித் தருகிறார் என்று எழுதிய அதே தாளில் அதை எழுதியிருக்கிறீர்கள்.

ஐம்பது ஆண்டு என்னும் எண்ணைப் பற்றிச் சற்று விளக்க வேண்டும். கண்டறியப்பட்ட இருப்பை ஓராண்டின் உற்பத்தியால் வகுத்து வரும் விடை அது. 1980-இல் இதே வகுத்தல் கணக்கு முப்பது ஆண்டுகள் என்று சொன்னது. முப்பது ஆண்டுகளும் கழிந்து இன்னும் பத்தாண்டுகள் ஓடியபின் 2020-இல் அது ஐம்பதைத் தாண்டி நின்றது. இருப்பு என்பது நிலத்துக்கடியில் உள்ள எண்ணெயின் அளவன்று. இன்றைய விலையில், இன்றைய கருவிகளைக் கொண்டு எடுத்தால் கட்டுபடியாகும் எண்ணெயின் அளவு. விலை ஏறினால் அதுவும் ஏறும். கிங் ஹபர்ட் என்னும் புவியியலாளர் 1956-இலேயே, அமெரிக்காவின் எண்ணெய் உற்பத்தி 1970-ஐ ஒட்டி உச்சம் தொட்டு இறங்கும் என்று கணித்தார். 1970-இல் அப்படியே நடந்தது. ஆனால் பாறையை உடைத்து எண்ணெய் எடுக்கக் கற்றுக்கொண்டபின் 2018-இல் அந்த உச்சத்தையும் அமெரிக்கா தாண்டிவிட்டது. ஆகவே கடைசிப் பீப்பாய் எந்த ஆண்டு வரும் என்று கருத்தரங்கில் சோதிடம் சொல்லாதீர்கள்.

எண்ணெய் உலகத்துக்கு ஒரே நாளில் தீர்ந்துபோவதில்லை. வரிசையின் கடைசியில் நிற்பவனுக்கு முதலில் தீர்கிறது. எனக்கு அது இரண்டு தரம் தீர்ந்திருக்கிறது. 2022-இல் உலகம் நாளொன்றுக்குப் பத்துக் கோடிப் பீப்பாய் அளவில் எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்தது. இலங்கையிடம் அதை வாங்க டொலர் இல்லை. ஜூன் இறுதியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறியது, அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. பிறகு கியூஆர் அட்டை வந்து, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு, அதாவது வாரத்துக்கு, 4 லீற்றர் என்று அளந்து தந்தார்கள். அந்த வரிசைகளில் நின்ற இளைஞர்கள் இப்படியொன்றைக் கண்டதில்லை என்று புலம்பியபோது, யாழ்ப்பாணத்துக் கிழவர்கள் சிலர் தங்களுக்குள் சிரித்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

அவர்கள் பார்த்தது 1990. அந்த ஜூனில் யுத்தம் மீண்டும் தொடங்கியபின் வடக்குக்குப் பெற்றோலும் டீசலும் பற்றரியும் வருவது தடைப்பட்டது. மின்சாரம் போய்விட்டது. மண்ணெண்ணெய் மட்டும் அளவோடு, பல மடங்கு விலையில் வந்தது. வண்டியை மண்ணெண்ணெயில் ஓட்டலாம் என்பதை எங்களுக்கு எந்த விஞ்ஞானியும் சொல்லித் தரவில்லை. வெங்காயமும் புகையிலையும் செய்த தோட்டக்காரர்களின் இறைப்பு இயந்திரங்கள் முன்பே அப்படித்தான் ஓடின. கொஞ்சம் பெற்றோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பெற்றோல் குளிரிலும் ஆவியாகும், மண்ணெண்ணெய்க்குச் சூடு வேண்டும், அவ்வளவுதான் இரகசியம். பழைய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களின் எஞ்சின்கள் குறைந்த அழுத்தத்தில் வேலை செய்பவையாதலால் இடித்து இடித்தேனும் அதை எரித்தன.

என் சித்தப்பாவிடம் ஒரு ஹொண்டா மோட்டார் சைக்கிள் இருந்தது. காதுக்கு மருந்து விடும் சிறு போத்தலில் பெற்றோல் வைத்திருப்பார். கார்புரேற்றருக்குள் நாலு சொட்டு விட்டு, முருகா என்று உதைப்பார். எஞ்சின் பிடித்ததும் கைப்பிடியை முறுக்கியபடியே இருக்க வேண்டும். விட்டால் நின்றுவிடும், மறுபடியும் நாலு சொட்டு. பின்னால் எழும் வெள்ளைப் புகையில் கண் எரியும். இரண்டு நாளுக்கொரு தரம் பிளக்கைக் கழற்றிக் கரியை அரத்தாள் போட்டுத் தேய்ப்பார். எரியாத மண்ணெண்ணெய் வழிந்து இறங்கி எஞ்சின் ஒயிலோடு கலக்கும். அயலவர் ஒருவர், மாதக்கணக்காக ஓடியும் தன் வண்டியில் ஒயில் குறையாமல் கூடுகிறதே என்று மகிழ்ந்து ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். அதைக் கேட்ட கராச்சுக்காரர் தலையிலே அடித்துக்கொண்டார். உங்கள் கருத்தரங்குக்கு இது உதவும், எழுதிக்கொள்ளுங்கள்.

இந்தக் கதையை நான் மேடையில் சொல்லும்போதெல்லாம் கைதட்டுகிறார்கள். நம்மவரின் புத்திக்கூர்மை என்கிறார்கள். நீங்களும் அப்படித்தான் கேட்டிருப்பீர்கள். கைதட்டு வாங்கும் ஆசையில் நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அந்த மண்ணெண்ணெய் வானத்திலிருந்து விழவில்லை. எங்கள் வீட்டு விளக்கிலிருந்து வந்தது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு நனையும் அளவு எண்ணெய் விட்டு, நூல் பருமனில் திரியிட்டு, அதைச் சுற்றி நாலு பிள்ளைகள் படித்தோம். வண்டி வைத்திருந்தவர்கள் வாங்க வாங்க விலை ஏறியது. வண்டியே இல்லாத வீடுகள் நேரத்தோடு படுத்துக்கொண்டன. தோட்டக்காரர் சிலர் இயந்திரத்தை மூடிவிட்டு, கிணற்றில் கையால் இறைக்கும் பழைய துலாவுக்குத் திரும்பினார்கள்.

நிலம் இருக்கிறது, வெயில் இருக்கிறது, விளைவித்துக்கொள்ளலாம் என்று நீங்கள் எழுதிய வரியைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்ததற்கு இதுவே காரணம். அந்த நிலத்தில் இப்போது என்ன நிற்கிறது, தம்பி? 2024-25-இல் இந்திய உணவுக் கழகத்தின் கிடங்குகளிலிருந்து 52 லட்சம் டன் அரிசி, பெற்றோலில் கலக்கும் சாராயமான எத்தனாலை வடிக்க ஒதுக்கப்பட்டது. ஒருவருக்கு மாதம் 5 கிலோ என்னும் ரேஷன் அளவில் அது எட்டரைக் கோடிப் பேருக்கு ஓராண்டு அரிசி. கிடங்குகளில் அரிசி மிகுந்து கிடந்தது என்பதும், எத்தனால் கரும்பிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் வருகிறது என்பதும் எனக்குத் தெரியும்; அந்தச் சோளத்தை ஏற்றுமதி செய்துவந்த உங்கள் நாடு 2024-இல் இறக்குமதி செய்யும் நாடாக மாறியதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு டன் அரிசியில் ஏறத்தாழ 450 லீற்றர் எத்தனால் வடிக்கலாம். உங்கள் ஸ்கூட்டரில் 5 லீற்றர் பெற்றோல் நிரப்பினால் அதில் ஒரு லீற்றர் எத்தனால். அது அரிசியிலிருந்து வந்ததாயின் இரண்டு கிலோவுக்கு மேல் அரிசி. அந்த ஒரு லீற்றரோ பெற்றோலின் சக்தியில் மூன்றில் இரண்டு பங்குதான் தரும். ஒரு குடும்பம் இரண்டு நாள் உண்ணும் சோற்றில் நீங்கள் கல்லூரிக்குப் போய்வருகிறீர்கள் என்று சொன்னால் மிகை என்பீர்கள். சொல்லிவிட்டேன், மிகையாகவே இருக்கட்டும்.

காட்டாமணக்குப் புதிய யோசனையன்று, தோற்றுப்போன யோசனை. இந்தியத் திட்டக் குழு 2003-இல் அதை நம்பித்தான், 2012-க்குள் டீசலில் ஐந்திலொரு பங்கைத் தாவர எண்ணெயால் நிரப்பலாம் என்றது. தண்ணீர் கேட்காத செடி, தரிசில் வளரும் என்றார்கள். தமிழ்நாட்டிலும் உழவர்கள் நட்டார்கள். செடி தரிசில் சாகாமல் நின்றது உண்மை. ஆனால் சாகாமல் நிற்பது வேறு, காய்ப்பது வேறு. காய்க்க வேண்டுமென்றால் மற்றப் பயிர்களைப் போலவே அதற்கும் தண்ணீரும் உரமும் வேண்டியிருந்தன. தண்ணீர் இருக்கும் நிலத்தில் எவன் காட்டாமணக்கு நடுவான்? பிடுங்கிப் போட்டார்கள்.

எஞ்சினைப் பொறுத்தவரை அது எதையும் குடிக்கும். 1900-ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் எஞ்சின் நிலக்கடலை எண்ணெயில் ஓடியது. நாங்கள் மண்ணெண்ணெயோடு மல்லுக்கட்டிய அதே 1990-இல் பசிபிக் கடலில் பூகன்வில் தீவைப் பப்புவா நியூகினி முற்றுகையிட்டது. அந்தத் தீவினர் தேங்காய் எண்ணெய் காய்ச்சி டீசல் வண்டிகளில் ஊற்றினார்கள். அவர்களிடம் தென்னை மிகுதியாகவும் வண்டிகள் குறைவாகவும் இருந்தன. இலட்சக்கணக்கில் வண்டி ஓடும் நாட்டுக்கு அதை முன்மாதிரி என்று காட்ட முடியாது.

ஹைட்ரஜன் ஓர் எரிபொருள் போலத் தோன்றும் பை. அதற்குள் சக்தியை முதலில் நாம் போட்டுவைக்க வேண்டும், போட்டதைவிடக் குறைவாகத்தான் திரும்ப எடுக்கலாம். உருக்காலைக்கும் உரத்துக்கும் அது பயன்படட்டும். மின்சார வண்டிகளைப் பற்றி எனக்கு இவ்வளவு கசப்பு இல்லை. 2015-இல் இந்திய எல்லையில் லொறிகள் மறிக்கப்பட்டு மாதக்கணக்கில் எரிபொருளின்றித் தவித்த நேபாளத்தில், ஆற்று மின்சாரம் இருப்பதால், 2024-இல் விற்ற புதிய கார்களில் பத்துக்கு ஏழுக்கு மேல் மின்சாரத்தில் ஓடுபவை. பெற்றோல் வாங்க டொலர் போதாத எதியோப்பியா 2024 தொடக்கத்தில் எண்ணெயில் ஓடும் கார்களின் இறக்குமதியையே நிறுத்தியது. இரண்டும் பணக்கார நாடுகளல்ல; வரிசையின் கடைசியில் நின்று பழகிய நாடுகள். ஆனால் 2022 மார்ச் இறுதியில் இங்கே இலங்கையில் நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு இருந்தது. அந்த நாட்களில் மின்கார் வைத்திருந்தவரும் சைக்கிள்தான் தேடினார்.

சித்தப்பாவின் கதையை முடிக்கவில்லை. 1992-இல் ஒரு பின்னேரம், பிள்ளைப்பேற்றுக்காகத் தாய்வீடு போயிருந்த சித்தியை மந்திகை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், நிலைமை சரியில்லை என்று ஆள் வந்து சொன்னது. வீட்டில் இருந்தது ஒரு போத்தல் மண்ணெண்ணெய். சித்தப்பா அதைக் கையில் எடுத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா எங்கும் பொறியியல் படித்தவரல்லர். மந்திகை ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீற்றர்.

“தம்பி, இது எங்களுக்கு மூண்டு கிழமைக்குக் காணும். உனக்குப் போகத்தான் காணும், திரும்பி வரக் காணாது.”

சித்தப்பா ஒன்றும் பேசாமல் போத்தலைத் திரும்ப மேசையில் வைத்தார். அம்மாதான் அதை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய், புனல் வைத்துத் தாங்கிக்குள் ஊற்றினார். கடைசிச் சொட்டு விழும்வரை போத்தலைக் கவிழ்த்துப் பிடித்திருந்தார்.

சித்தப்பா மூன்றாம் நாள் இரவல் சைக்கிளில் திரும்பி வந்தார். மோட்டார் சைக்கிள் மந்திகையிலேயே ஒரு வீட்டு விறாந்தையில் நின்றது. தாயும் பெண்பிள்ளையும் சுகம் என்றார். அந்த மூன்று கிழமையும் எங்களுக்குத் தேங்காய் எண்ணெயில் விளக்கு எரிந்தது. கறிக்குத் தாளிதம் இல்லை.

ஸ்கூட்டரைப் பற்றி அப்பாவோடு பேசுங்கள்.

அன்புடன்.