பேனா யார் கையில்? அமெரிக்கக் கணக்கெடுப்பும் கலப்பினத்தாரும்: கேள்வி பதில்

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ‘இனம்’ என்ற கேள்வி எப்படி மாறியது என்பது குறித்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். எந்த ஆண்டின் எண்ணைப் பார்த்தாலும், குறியிட்ட பேனா அன்று யார் கையில் இருந்தது என்பதை முதலில் கேளுங்கள்.

திருச்சி வாசகர்: 2000ஆம் ஆண்டுவரை ஒருவர் இரண்டு இனங்களைக் குறிக்கவே முடியாதாமே?

உண்மைதான். ஆனால் அதற்கு முன்பும் கலப்பினத்தாரை எண்ணியிருக்கிறார்கள் ஐயா. 1850இல் ‘முலாட்டோ’ (கறுப்பும் வெள்ளையும் கலந்தவர்) என்ற பிரிவு வந்தது. 1890இல் கணக்கெடுப்பாளர்களுக்குத் தந்த அறிவுரை இது: முக்கால் பங்கும் அதற்கு மேலும் கறுப்பு இரத்தம் உள்ளவர் கறுப்பர், எட்டில் மூன்று முதல் ஐந்து பங்குவரை உள்ளவர் முலாட்டோ, கால் பங்கு உள்ளவர் குவாட்ரூன், அரைக்கால் பங்கோ, வெறும் சுவடோ உள்ளவர் ஆக்டரூன். வாசற்படியில் நின்றபடி, கதவைத் திறந்த முகத்தைப் பார்த்து, அது காலா அரைக்காலா என்று தீர்மானிக்க வேண்டும்! 1930இல் அந்தச் சிரமமும் நீங்கியது. எவ்வளவு சிறிதளவு கறுப்பு இரத்தம் கலந்திருந்தாலும் ‘நீக்ரோ’ என்றே எழுத வேண்டும் என்று உத்தரவாயிற்று.

1960 முதல்தான் பேனா படிப்படியாகக் குடும்பத்தாரின் கைக்கு வந்தது. 1967இல் லவிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கலப்புமணத் தடைச் சட்டங்களைச் செல்லாதவை என்று அறிவித்தபோது, 16 மாநிலங்களில் அத்தகைய சட்டம் இருந்தது. அதன்பின் நடந்த திருமணங்களில் பிறந்த பிள்ளைகளின் பெற்றோர், தாயையோ தந்தையையோ விட்டுவிட்டுக் குறியிட மாட்டோம் என்று போராடியதால், 1997இல் விதி திருத்தப்பட்டு 2000ஆம் ஆண்டுப் படிவத்தில் நடைமுறைக்கு வந்தது.

மன்னார்குடி வாசகர்: கமலா ஹாரிஸ் இந்தியரா, கறுப்பரா? எங்கள் பக்கத்து துளசேந்திரபுரத்துக்காரர்தானே?

அவருடைய தாய்வழித் தாத்தாவின் ஊர் அது. தாய் சியாமளா கோபாலன் 1958இல் பெர்க்லிக்குப் படிக்கச் சென்றவர். தந்தை ஜமைக்காவில் பிறந்த பொருளியல் அறிஞர். கமலா ஹாரிஸ் இரண்டையும் மறைத்ததில்லை. கறுப்பர்களுக்கென்று தோன்றிய ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் படித்தவர். 2024இல் அவர் திடீரென்று கறுப்பராக மாறிவிட்டதாக டிரம்ப் பேசியதற்கு அடியில் இருப்பது, படிவத்தில் ஒருவருக்கு ஒரே பெட்டிதான் என்ற பழைய கணக்கு. உங்கள் கேள்வியும் அதே கணக்கில்தான் நிற்கிறது.

சேலம் வாசகர்: மரபணுச் சோதனையில் எனக்கு 4 விழுக்காடு ஐரோப்பியம் என்று வந்தது. நான் கலப்பினமா?

இது என் துறை அன்று. மரபியல் படித்தவரிடம் கேளுங்கள்.

டாலஸ் வாசகர்: 2010இல் 90 லட்சமாக இருந்த பல்லினத்தார் 2020இல் 3 கோடியே 38 லட்சம் ஆகிவிட்டார்கள். பத்தே ஆண்டுகளில் சமூகம் இவ்வளவு மாறிவிட்டதா?

அவ்வளவு மாறவில்லை, படிவம்தான் மாறியது. 2020இல் ‘வெள்ளையர்’, ‘கறுப்பர்’ பெட்டிகளின் கீழும் முன்னோரின் பூர்வீகத்தை எழுதக் கோடு தந்தார்கள். எழுதியதை இனமாக மாற்றும் முறையையும் திருத்தினார்கள். ‘வெள்ளையர்’ என்று ஒரே குறியிட்டவர் கீழே ‘அர்ஜென்டினா’ என்று எழுதியிருந்தால், ‘வேறு இனம்’ தானாகச் சேர்ந்து அவர் பல்லினத்தாராகிவிட்டார். பேனா பாதி அவர் கையில், பாதி அலுவலகத்தின் கையில். பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் 2024இல் இதை விரிவாக எடுத்துக்காட்டினார்கள்.

அதே டாலஸ் வாசகர்: என் மகளின் வகுப்பில் ஆறேழு பிள்ளைகள் கலப்பினத்தார். கண்ணால் காண்பதைக் கணக்குப் பிழை என்கிறீர்களா?

வளர்ச்சியே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஏறத்தாழ ஒரே மாதிரியான கேள்வி கேட்கப்பட்ட 2000க்கும் 2010க்கும் இடையே 68 லட்சம் 90 லட்சமானது. மூன்றில் ஒரு பங்கு கூடியிருக்கிறது. அது நம்பத்தக்க வளர்ச்சி. என் பேரனே அதற்குச் சாட்சி. 2020இல் சாப்பாட்டு மேசையில் படிவத்தை வைத்துக்கொண்டு, என் மகள் அவனுக்கு ‘ஏசியன் இந்தியன்’ பெட்டியில் குறியிட்டாள்; மருமகன் ‘கறுப்பர்’ பெட்டியில் குறியிட்டு, ஜமைக்கன், ஹெய்டியன், நைஜீரியன் என்று எடுத்துக்காட்டுகள் அச்சிட்டிருந்த வரிக்குக் கீழே எதை எழுதுவது என்று வெகுநேரம் யோசித்துவிட்டு, வெறுமையாகவே விட்டுவிட்டார். அடிமைக் கப்பலில் வந்தவரின் வழித்தோன்றல் எந்த நாட்டை எழுதுவார்?

நெல்லை வாசகர்: கமலா ஹாரிஸ் உண்மையில் எந்த இனம்?

மேலே எழுதியிருக்கிறேன்.

ஈரோடு வாசகர்: இந்தியர்களை எந்த இனத்தில் வைத்தார்கள்?

குடியுரிமை கேட்ட பகத் சிங் திண்ட் என்ற சீக்கியரின் வழக்கில் 1923இல் இந்தியர் வெள்ளையர் அல்லர் என்று தீர்ப்பாயிற்று. 1920 முதல் 1940 வரை சீக்கியரும் முஸ்லிம்களும்கூடப் படிவத்தில் ‘இந்து’ என்ற இனம். 1970இல் வெள்ளையரோடு சேர்த்தார்கள். 1980இல்தான் ‘ஏசியன் இந்தியன்’ பெட்டி வந்தது. நூறாண்டுக்கு முன் கலிபோர்னியாவில் பஞ்சாபி உழவர்கள் மெக்சிகோப் பெண்களை மணந்தபோது, இனக்கலப்பு மணத்தைச் சட்டம் தடுத்ததால், எழுத்தர்கள் பலர் இருவருக்குமே ‘பழுப்பு’ என்று எழுதி உரிமம் கொடுத்தார்கள்.

வேலூர் வாசகர்: எத்தனை விழுக்காடு கலந்தால் ஒருவர் கறுப்பர்?

இதையே மூன்றாம் முறையாகக் கேட்கிறார்கள். லூசியானாவில் 1970இல் இயற்றிய சட்டத்தில் அது முப்பத்திரண்டில் ஒரு பங்கு, நம் பழைய வாய்பாட்டில் அரைவீசம், 1983இல் நீக்கினார்கள். வர்ஜீனியாவின் 1924ஆம் ஆண்டுச் சட்டமோ கறுப்பு இரத்தத்தின் சுவட்டையும் பொறுக்கவில்லை. செவ்விந்திய இரத்தம் மட்டும் வீசம் வரை இருந்தால் வெள்ளையரே, ஏனெனில் அங்குள்ள பெருங்குடும்பங்கள் செவ்விந்தியத் தலைவரின் மகளான போகஹான்டஸின் வழிவந்ததாகப் பெருமை பேசின. பேனா யார் கையில் என்று நான் கேட்பது இதற்காகத்தான்.

டாலஸ் வாசகர் மீண்டும்: அப்படியானால் பழைய எண்கள் மட்டும் எப்படி நம்பத்தக்கவை?

அவையும் அப்படியே. 1910இல் முலாட்டோக்கள் சுமார் 20 லட்சம் பேர். 1920இல் சுமார் 16 லட்சத்து 60 ஆயிரம். 1930இல் ஒருவர்கூட இல்லை. அதே வீடுகளில்தான் குடியிருந்தார்கள்.