தம்பிக்கு 20 வயதில், அக்காவுக்கு 47 வயதில்: முட்டையை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: என் தம்பிக்கு 20 வயதில் மனச்சிதைவு நோய் வந்தது. மாத்திரையில் ஓரளவு நன்றாக இருக்கிறான். இப்போது 47 வயதில் அக்காவுக்கும் அதே நோய் என்கிறார் டாக்டர். இந்த வயதில் போய் எப்படி வரும்? டிரிப்டோபேன் என்ற சத்து மூளையில் அழற்சியை உண்டாக்கி இந்த நோயைக் கூட்டும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். ஒரு மாதமாக இரண்டு பேருக்கும் முட்டை, பால், வேர்க்கடலை கொடுப்பதில்லை. இது சரியா?

பதில்: முட்டையையும் பாலையும் இன்றைக்கே மறுபடி கொடுக்க ஆரம்பியுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

முட்டை, பால், வேர்க்கடலையில் இருக்கும் டிரிப்டோபேனை நம் உடலால் தயாரிக்க முடியாது, சாப்பாட்டிலிருந்துதான் வரவேண்டும். உடல் சிதைக்கும் டிரிப்டோபேனில் மிகச் சிறு பங்குதான் மூளையில் செய்தி கடத்தும் செரட்டோனின் ஆகிறது. 90 சதவீதத்துக்கும் மேல் கைன்யுரெனின் என்ற பொருளாக மாறும் பாதையில் போகிறது. நயாசின் வைட்டமின் உருவாவதும் அதே பாதையில்தான். சோளத்தையே நம்பி வாழ்ந்த தக்காணத்து ஏழைகளுக்கு பெலாக்ரா நோய் வந்ததை ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் விரிவாக ஆராய்ந்திருக்கிறது. நயாசினும் டிரிப்டோபேனும் சரியாகக் கிடைக்காவிட்டால் வரும் அந்த நோயில் தோல் கருத்து உரிவதோடு புத்தியும் தடுமாறும். மனநலம் கெட்டவரிடம் இந்தச் சத்தைப் பிடுங்குவது எனக்குக் கவலையாக இருக்கிறது.

வீடியோ சொன்னதில் ஒரு பாதி உண்மை. உடலில் அழற்சி இருக்கும்போது நோய் எதிர்ப்பு அணுக்கள் இன்டர்ஃபெரான் காமா என்ற பொருளைச் சுரக்கின்றன. அது ஐ.டி.ஓ. என்ற நொதியை முடுக்கிவிடும். மடையை ஒரு பக்கம் அகலமாகத் திறந்த மாதிரி, டிரிப்டோபேன் கைன்யுரெனின் பக்கம் பாயும். அந்தக் கைன்யுரெனின் மூளைக்குள்ளும் நுழையும். அங்கே ஆஸ்ட்ரோசைட் என்ற துணை அணுக்கள் அதைக் கைன்யுரெனிக் அமிலமாக மாற்றுகின்றன. இது மூளை அணுக்கள் செய்தி வாங்கும் என்.எம்.டி.ஏ. ஏற்பிகள் என்ற வாசல்களை அடைக்கக்கூடியது. மயக்க மருந்தான கீட்டமைனும் அதே ஏற்பிகளைத்தான் அடைக்கிறது. நல்ல ஆரோக்கியமானவருக்கே அது சிறிது நேரம் மனச்சிதைவு போன்ற அறிகுறிகளைத் தரும். மனச்சிதைவு உள்ளவர்களின் தண்டுவட நீரில் கைன்யுரெனிக் அமிலம் கூடுதலாக இருப்பதை 2001-இல் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா ஆய்வாளர்கள் கண்டார்கள். ரத்தத்தில் இது ஒரே மாதிரி தெரிவதில்லை, ஆகவே இதற்கென்று ரத்தப் பரிசோதனைக்குச் செலவழிக்காதீர்கள்.

மடையைத் திறப்பது அழற்சி. ஏரிக்கு வரும் தண்ணீரை நிறுத்துவதால் என்ன பயன்? சரி, அழற்சியைக் குறைக்கும் மாத்திரை கொடுத்தால்? அழற்சியையும் தணிக்கும் மினோசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கை நம்பிக்கையோடு சோதித்தார்கள். பிரிட்டனில் ஒவ்வொருவருக்கும் ஓராண்டு மாத்திரை கொடுத்து, 2018-இல் முடிவு வெளியான பெரிய ஆய்வில், வெற்று மாத்திரையைவிட அது எந்த வகையிலும் உதவவில்லை. டிரிப்டோபேன் மாத்திரையையும் நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம். மனச்சோர்வு மருந்தும் கூடவே போய்க்கொண்டிருந்தால் ஆபத்து.

அக்காவின் வயதுக்கு வருகிறேன். ஆண்களுக்கு இந்த நோய் பெரும்பாலும் 18 முதல் 25 வயதுக்குள் தலைகாட்டும். பெண்களுக்குச் சில ஆண்டுகள் தள்ளி வரும். 45 வயதுக்குப் பிறகு, மாதவிடாய் நிற்கும் காலத்தை ஒட்டி, பெண்களிடம் மட்டும் இன்னொரு சிறிய ஏற்றம் தெரிகிறது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் அதுவரை ஓரளவு காப்பாக இருக்கிறது என்பதே இதற்குச் சொல்லப்படும் முக்கியக் காரணம். அது மூளையில் செய்தி கடத்தும் டோபமினின் வேகத்தைத் தணிக்கிறது, மூளையின் அழற்சி அணுக்களையும் அடக்கி வைக்கிறது. மெல்போர்னில் பேராசிரியர் ஜெயஸ்ரீ குல்கர்னி குழுவினர், வழக்கமான மருந்தோடு ஈஸ்ட்ரடயால் (ஈஸ்ட்ரோஜனின் ஒரு வகை) ஒட்டுப்பட்டையும் கொடுத்தபோது பெண்களின் அறிகுறிகள் கூடுதலாகக் குறைந்தன. ரத்தக்கட்டு, மார்பகப் புற்றுநோய் அபாயங்களைப் பார்த்துத்தான் அதைத் தொடங்க முடியும். மனநல மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து எடுக்கவேண்டிய முடிவு அது.

என்னிடம் வந்த ஒரு அம்மாவின் மகள் ஒரு மாதக் காலண்டரைக் கொண்டுவந்தாள். பால் கணக்கு எழுதிய கட்டங்களிலேயே, அம்மா தூங்காத இரவுகளுக்குச் சிவப்புப் புள்ளி வைத்திருந்தாள். தீட்டு நாளுக்கு முந்தைய இரண்டு மூன்று கட்டங்களில்தான் புள்ளிகள் நெருக்கமாக விழுந்திருந்தன. அந்தக் காலண்டரைப் பார்த்துத்தான் மருந்தை மாற்றி அமைத்தோம். உங்கள் அக்காவுக்கும் இப்படிக் குறித்துவையுங்கள். ரிஸ்பெரிடோன், அமிசல்பிரைடு போன்ற மருந்துகள் புரோலாக்டின் என்ற ஹார்மோனைக் கூட்டி மாதவிடாயை நிறுத்திவிடலாம். அப்படி நின்றதை வயதின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. அக்காவுக்கு நோய் சில வாரங்களில் மளமளவென்று முற்றியதா? வலிப்பு, காய்ச்சல், ஞாபகம் தவறுவது எதுவும் இருந்ததா? இருந்தால் நரம்பியல் மருத்துவரை உடனே பாருங்கள். உடலின் எதிர்ப்புப் புரதங்கள் (ஆன்டிபாடி) நான் மேலே சொன்ன என்.எம்.டி.ஏ. ஏற்பிகளையே தாக்கும் ஒரு மூளை அழற்சி உண்டு. இளம்பெண்களிடம் அதிகம் என்றாலும் எந்த வயதிலும் வரலாம். அதற்குச் சிகிச்சையே வேறு.

தம்பி பீடி, சிகரெட் பிடிக்கிறாரா? ஒலான்சபின் அல்லது குளோசபின் எடுப்பவர் என்றால், புகை அந்த மருந்தைக் கல்லீரலில் வேகமாகக் கரைத்துவிடும். திடீரென்று புகையை நிறுத்தினால் மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறி, பகலெல்லாம் தூங்கிவழிவார். புகையை விடட்டும், ஆனால் விடும் வாரத்தில் டாக்டரிடம் சொல்லி மாத்திரை அளவைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.